ஒலிக்கு இடம் கண்ட அறிஞர்: ஆலன் பிளம்லைன்

மக்கட்கு அமைந்த பொறிகளுள் செவியின் சிறப்பை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பியர், மெய், நா, மூக்கு, கண் என்பவற்றின் பின்னர்ச் செவியை ஐந்தாவதாக நிறுத்தி, அதனையடுத்தே மனத்தை வைத்தார். மனத்திற்கு மிக அணித்தாய் நிற்கும் பொறி செவியே என்று இவ்வைப்பு முறையால் நாம் கொள்ளுதல் தகும்.

அச்செவியும் ஒன்றன்று, இரண்டு. இரண்டாயது எற்றுக்கு? தாம்பரம் புகைவண்டி நிலையத்திலே கண்களை மூடி நிற்கும் ஒருவன், வருகின்ற வண்டி செங்கற்பட்டுப் பக்கமிருந்து வருகின்றதா, கடற்கரைப் பக்கமிருந்து வருகின்றதா என்பதைப் பாராமலே கூறிவிடுவான். ஒரு செவியை அடைத்துக்கொள்வானாயின் அவ்வாற்றல் பெரிதும் குன்றிப்போம். ஒலி இன்னதென்று அறிய ஒரு செவி போதும். அஃது எங்குள்ளது என்று அறியவே இரு செவி வேண்டும்.

எடிசன் 1877 ஆம் ஆண்டிலே ஒலியைப் பதியும் கருவியைக் கண்டார். அதன்பின் ஐம்பது ஆண்டுகட்கு மேலாக உலகம் இசைத்தட்டுக்களை ஒற்றைச் செவியாலேயே கேட்டு வந்தது எனலாம். நூறு பேர் அகன்ற மேடையில் அமர்ந்து வாசித்த இசையும் ஒரு புனலின் வாய்வழியே ஒரு புள்ளியினின்றே வெளிப்பட்டது. ஒலி நின்றது, அதன் இடம் தொலைந்தது. தொலைந்த அவ்விடத்தை மீட்டுத் தந்தவர் ஆலன் டவர் பிளம்லைன் என்னும் ஆங்கில நாட்டுப் பொறியியலறிஞர். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பிளம்லைன் 1903 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29 ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் பகுதியிலே பிறந்தார். தந்தையார் செம்மி பிளம்லைன் ஜெர்மனியில் பிறந்து ஆங்கிலக் குடியுரிமை பெற்றவர்; சுரங்கப் பொறியியல் வல்லவர். தாயார் ஜெஸ்ஸி டவர். அவ்வம்மையாரின் தந்தையார் வில்லியம் டவர் என்பவர் ஸ்காத்லாந்தில் பிறந்து, இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பாகத் தென்னாப்பிரிக்கா சென்று உழைத்த மிஷனரி ஆவர். ஸ்காத்லாந்து மிஷனரிமார் வித்திட்டு வளர்த்த கல்லூரியிலே பயிலும் நமக்கு இவ்வுறவு இனிதாகின்றது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இவர்பால் பொய்க்கவில்லை. ஏழாவது வயதிலே வீட்டு வாயிலின் மின்மணியைப் பழுது பார்த்து, அவ்வேலைக்குரிய கூலிச் சீட்டொன்றும் எழுதி, அதன்கீழ் மின் பொறியாளர் எனத் தம் பெயரைக் கையொப்பமிட்டுத் தந்தையாரிடம் நீட்டினராம். ஆயினும் படிப்பில் அவர் முந்திய பிள்ளையல்லர். பன்னிரண்டு வயதளவும் அவர்க்குத் தடையின்றிப் படிக்க வரவில்லை என்று உடன்பிறந்தாள் பிற்காலத்தில் கூறியபோது, அது மெய்யே என்றும், எனினும் இருபடிச் சமன்பாடுகள் பல தமக்கு அப்போதே தெரியும் என்றும் அவர் விடை பகர்ந்தனர் என்பர். எழுத்து வழியே அறிவு வருதல் ஒரு நெறி. கையும் கணக்கும் வழியே வருதல் மற்றொரு நெறி. நூலே கதியெனக் கிடக்கும் நம் போன்ற தமிழ் மாணவர் இரண்டாவது நெறியையும் மதித்தல் வேண்டும்.

கல்வியும் முதற்பணிகளும்

ஹைகேட் பள்ளியிலே பயின்றபின், இலண்டனிலுள்ள சிட்டி அண்டு கில்ட்ஸ் கல்லூரியிலே உதவித்தொகை பெற்றுச் சேர்ந்து, முதல் வகுப்பிலே பட்டம் பெற்றார். 1924 ஆம் ஆண்டிலே தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஒரு பெருங்குழுமத்திலே அலுவலேற்றார். நெடுந்தொலைவு செல்லும் தொலைபேசிக் கம்பிகளிலே ஓர் உரையாடல் பக்கத்துக் கம்பியிலே கசிந்து கேட்பது அக்காலத்துப் பெருந்தொல்லை. இரு கம்பிகளிடையே நிகழும் அக்கசிவினைத் தடுக்கும் வழிகளைக் காண்பது அவர் பணியாயிற்று. இரண்டு ஒலிகள் தம்முள் கலவாது அருகருகே செல்லுமாறு செய்யும் வித்தையை அவர் கற்ற பள்ளி அதுவே எனலாம்.

1929 ஆம் ஆண்டிலே கொலம்பியா கிராபோபோன் குழுமத்திலே சேர்ந்தார். இவரை அங்கே சேர்த்துக்கொண்டவர் ஐசக் ஷோன்பெர்க் என்னும் ருசிய நாட்டிற் பிறந்த அறிஞர். அக்காலத்தில் மின்னாற்றலால் இசைத்தட்டு வெட்டும் முறை அமெரிக்கர் காப்புரிமையிலே இருந்தது; ஒவ்வொரு தட்டிற்கும் அவர்கட்கு இறை செலுத்த வேண்டியிருந்தது. அவ்விறையினின்று விடுபடப் புதியதொரு வெட்டுங்கருவி செய்து தருமாறு ஷோன்பெர்க் பணித்தார். பிளம்லைன், ஹோல்மன், கிளார்க் என்னும் துணைவருடன் கூடி, இயங்கு சுருள் ஒன்றினால் தொழிற்படும் கருவியை ஆக்கித் தந்தார். அது பழையதனினும் தூய்தாய்ப் பதிந்தது. 1931 ஆம் ஆண்டிலே கொலம்பியாவும், நாய் முத்திரைத் தட்டுக்களால் நம் நாட்டு வீடுகளிலும் அறிமுகமான கிராமபோன் குழுமமும் ஒன்றாகி இ.எம்.ஐ. எனப் பெயர் பெற்றன. இலண்டனையடுத்த ஹேஸ் என்னும் ஊரிலுள்ள அதன் ஆராய்ச்சிச்சாலையே பிளம்லைனின் களம் ஆயிற்று.

இரு செவிக் கலை

அந்த 1931 ஆம் ஆண்டிலே ஒருநாள், தாம் பின்னர் மணந்த டோரீன் என்னும் நங்கையுடன் அவர் பேசும்படம் காணச் சென்றார். திரையிலே நடிகன் ஒரு பக்கம் நிற்க, அவன் குரல் மற்றொரு பக்கமுள்ள ஒலிபெருக்கியினின்று வந்தது. கொட்டகையில் இருந்தோர் பலரும் அதனைக் கண்டும் காணாதிருந்தனர். பிளம்லைனுக்கோ அது பொறுக்கவில்லை. குரல் நடிகனைப் பின்தொடர்ந்து செல்லுமாறு செய்யத் தம்மிடம் ஒரு வழி உண்டு என்று உடனிருந்தவரிடம் கூறினராம். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 14 ஆம் நாள் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 394325 என்னும் எண் பெற்றது. 1933 ஆம் ஆண்டிலே வழங்கப்பட்டது. எழுபது உரிமைக் கூற்றுக்கள் அதனுள் அடங்கியிருந்தன. பிற்காலத்தார் ஸ்டீரியோ என்று வழங்கும் கலைக்கு அவர் அன்று இட்ட பெயர் இரு செவி ஒலி என்னும் பொருள் தருவது.

அவர் கண்ட உண்மையை எளிதிற் கூறுவோம். நம் இரு செவிகட்கும் இடையேயுள்ள தொலைவு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். ஆகவே, வலப்பக்கத்து ஒலி வலச்செவியை அடைந்து இடச்செவியை அடைதற்குள் கழியும் காலம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றினும் குறைவே. அத்துணை நுண்ணிய வேற்றுமையை மூளை கண்டுகொள்கின்றது. தாழ்ந்த சுரங்கட்கு இக்கால வேற்றுமை பெரிதும் துணையாகும். உயர்ந்த சுரங்கட்குத் தலை மறைத்து நிற்றலால் உண்டாகும் வலிமை வேற்றுமை துணையாகும்.

இனி, இரண்டு ஒலிவாங்கிகளைச் செவிகள்போல் வைத்துப் பதிந்து, இரண்டு ஒலிபெருக்கிகளிலே கேட்பின் முடிந்ததன்றோ எனின், அன்று. ஒவ்வோர் ஒலிபெருக்கியின் ஒலியும் இரு செவிகளிலும் விழும். ஆதலின் பதிந்த கால வேற்றுமை குலைந்துபோம். இவ்விடர்ப்பாட்டைக் கண்டதிலேயே பிளம்லைனின் நுண்ணறிவு விளங்குகின்றது. ஒலிபெருக்கிகளிடையே வலிமை வேற்றுமை ஒன்றை மட்டும் முறையாக அமைத்தால், அவ்விரு ஒலிகளும் செவிகளிலே கலக்குங்கால் தாழ்ந்த சுரங்கட்கு வேண்டிய வேற்றுமை தானே பிறக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அவ்வலிமை வேற்றுமையைப் பெறுதற்கு அவர் கூறிய வழிகளுள் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. முன்னும் பின்னும் ஒருபடியாய்க் கேட்டு, இரு பக்கங்களிலும் செவிடாய் இருக்கும் ஒலிவாங்கிகள் உண்டு. அவை கேட்கும் பரப்பை வரைந்து காட்டின் 8 என்னும் எண்ணின் வடிவாகும். அத்தகைய இரண்டனை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் நிறுத்தி, ஒன்று இடப்பக்கம் 45 பாகையும் மற்றொன்று வலப்பக்கம் 45 பாகையும் நோக்குமாறு குறுக்காக வைத்தல் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருத்தலால் ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் அடையும். கால வேற்றுமை இல்லை. நேர் முன்னின்று வரும் ஒலி இரண்டிலும் சமமாக விழும். இடப்பக்கம் சாயச் சாய ஒன்றில் மிகும், மற்றதில் குறையும்.

பதிந்த இரண்டினையும் ஒரே இசைத்தட்டில் அடக்குதற்கும் அவரே வழி கண்டார். தட்டின் வரிப்பள்ளம் இரு சுவர்களையுடையது. ஒரு சுவரில் இடப்பக்க ஒலியையும் மற்றதில் வலப்பக்க ஒலியையும் வெட்டினால், ஒரே முள் இரண்டனையும் வாங்கும். 1934 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே இலண்டன் ஆபி சாலை நிலையத்தில் சர் தாமஸ் பீச்சம் தலைமையில் இலண்டன் பில்ஹார்மோனிக் குழுவினர் மோட்சார்ட்டின் ஜூபிடர் சிம்பொனியை வாசிக்க, அதனை இம்முறையிற் பதிந்தனர். 1935 ஆம் ஆண்டிலே ஹேஸ் புகைவண்டி நிலையத்தில் வண்டிகள் செல்வதைப் படமும் ஒலியுமாகப் பிடித்தனர். வண்டி திரையில் ஓடிய பக்கமே ஒலியும் ஓடிற்று. கொட்டகையில் எழுந்த ஐயத்திற்கு நான்கு ஆண்டுகளில் விடை கிடைத்தது.

நீதி நோக்கி ஒன்று கூறுதல் வேண்டும். இத்துறையிலே பிளம்லைன் தனியர் அல்லர். 1881 ஆம் ஆண்டிலேயே கிளெமாங் அதேர் என்பவர் பாரிசு நாடக மேடையின் விளிம்பிலே ஒலிவாங்கிகளை இணை இணையாக வைத்து, தொலைபேசி வழியாய் இரு செவிக்கும் இசையை அனுப்பினார். அமெரிக்காவிலே பெல் ஆராய்ச்சிச்சாலையார் 1933 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் பிலடெல்பியாவில் வாசித்த இசையை வாஷிங்டன் நகரிலே கேட்பித்தனர். அவர்கள் மேடை நெடுக ஒலிவாங்கிகளை விலக்கி விலக்கி வைத்தனர். ஒருவர் ஓரிடத்தில் நின்று கேட்டார். மற்றவர் பல இடங்களில் நின்று கேட்டனர். ஒலிப்பதிவாளரிடையே இவ்விரு மரபும் இன்றளவும் நிற்கின்றன.

ஆர்கன் என்னும் உரைகல்

பிளம்லைன் கண்ட கலையின் அருமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டவல்லது பைப் ஆர்கன் என்னும் காற்றுக்குழல் கருவியே. வீணையை வீட்டிற்கு வீடு எடுத்துச் செல்லலாம். ஆர்கனோ, கட்டடத்தோடு கட்டடமாய் நிற்பது. அதன் சுவரும் தூணும் கூரையும் அக்கருவியின் உறுப்புக்களே. 16 அடி நீளமுள்ள திறந்த குழல் விநாடிக்கு ஏறக்குறைய 33 முறை அதிரும். அவ்வலையின் நீளம் பத்து மீட்டர் அளவினது. அக்கருவியிலேயே விரலளவுக் குழலும் உண்டு. அது விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும். இத்துணை வேற்றுமையுள்ள ஒலிகளை எங்கே நின்று வாங்குவது?

நம் சென்னையிலேயே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு உண்டு. எழும்பூரிலே கிர்க் என வழங்கும் புனித அந்திரேயா ஆலயத்தை அறியாதார் யார்? 1821 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற அவ்வாலயத்தைக் கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்டு. அதன் நடுமண்டபம் வட்ட வடிவினது. பதினாறு தூண்கள் தாங்கும் கவிகை மாடம் நீல வானும் பொன் மீனுமாக வண்ணந் தீட்டப்பெற்றது. ஆங்குள்ள ஆர்கன் இங்கிலாந்து ஹடர்ஸ்பீல்டு ஊரினரான பீட்டர் கொனாகர் குழுமத்தார் செய்தது. 1883 ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்றது. அவ்வாலயத்துக் குருமார் 1835 ஆம் ஆண்டிலே தொடங்கிய பள்ளியினின்றே நம் கல்லூரி தோன்றிற்று. 1837 இல் ஜான் ஆண்டர்சன் வந்து வளர்த்தார். நூறாண்டு கழித்து 1937 இல் அது தாம்பரத்துக் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. ஆதலின் அவ்வார்கன் நமக்கு அயலானதன்று. பிளம்லைன் காப்புரிமை வேண்டிய 1931 ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிய மின்சார இரயில் வழியே நாம் இன்றும் அங்குச் சென்று வரலாம்.

அத்தகைய ஆலயமொன்றில் ஆர்கன் இசையைப் பதிய விரும்பும் மாணவர் செய்யத்தக்கது யாது? முதற்கண் கருவிகளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, ஆர்கன் ஒலிக்கும்போது மண்டபத்தில் மெல்ல நடந்து கேட்டல் வேண்டும். அண்மையில் நிற்பின் குழலின் வாய்க்காற்றும் கட்டைகளின் தட்டொலியும் கேட்கும். அருகுள்ள குழல்கள் மற்றவற்றை மறைக்கும். மிகச் சேய்மையில் நிற்பின் எதிரொலி மூடிக்கொள்ளும். விரைவான சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். இடையே ஓரிடத்தில் குழலும் கூடமும் ஒன்றையொன்று மறையாது ஒலிக்கும். அவ்விடத்தைக் காணுங்கால் ஒரு செவியை மூடிக் கேட்டல் நன்று. என்னை? இரு செவியும் திறந்திருப்பின் மனம் எதிரொலியைத் தானே விலக்கிவிடும். ஒலிவாங்கிக்கு அவ்வாற்றல் இல்லை.

பிளம்லைன் இணையை வைப்பதாயின், வடிவக் கணிதமே முதல் எல்லையைக் காட்டும். அவ்விணை முன்பக்கத்து 90 பாகைக்குள் அடங்கிய ஒலியையே நேரிதாய் இடம் பகுத்துக் காட்டும். எட்டு மீட்டர் அகலமுள்ள ஆர்கன் முகப்பின் நடுவிற்கு நேரே நான்கு மீட்டர் தொலைவில் நிற்பின், அதன் இரு முனைகளும் அவ்வெல்லையைச் சரியாகத் தொடும். அதனினும் நெருங்கின் முனைகளிலுள்ள குழல்கள் எல்லை கடந்து பக்கத்துப் பரப்பில் விழும். அங்கே ஓர் ஒலிவாங்கி தள்ளும்போது மற்றது இழுப்பதாய் அமைதலின் ஒலியின் இடம் மயங்கும். ஆகவே அகலத்தின் பாதிக்குக் குறையாத தொலைவு வேண்டும். குழல்கள் உயரத்தில் இருத்தலின் ஒலிவாங்கிகளும் தலைக்கு மேலே நன்கு உயர்ந்து நிற்றல் வேண்டும். பின்பக்கத்து ஒலியையும் அவை முன்பக்கம் போன்றே வாங்குமாதலின் பின்சுவரை அண்டலாகாது. கவிந்த மாடம் குழியாடிபோல் ஒலியைச் சில இடங்களில் குவிக்குமாதலின் அங்கும் நிற்றலாகாது.

இம்முறையின் நன்மை, ஒவ்வொரு குழலும் தன் இடத்திலே நிற்பதாகத் தெளிவுறக் கேட்டல். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினும் ஒலி சிதையாமை. குறையும் உண்டு. மிகத் தாழ்ந்த சுரங்களை முழுதும் வாங்குவதில், எப்பக்கமும் ஒருபடியாய்க் கேட்கும் ஒலிவாங்கிகள் 8 வடிவினவற்றை விஞ்சுவன. ஆதலின் ஆர்கனைப் பதிவோர் பலர் அத்தகைய இரண்டனை இரண்டு மூன்று அடி விலக்கி வைப்பர். கூடத்தின் விரிவு அதனால் இனிது தோன்றும். இடத்தெளிவு சிறிது குன்றும். மிக விலக்கின் நடுவில் பள்ளம் விழுந்தாற்போல் ஒலி இரு பக்கமும் ஒதுங்கிப்போம். பிரெஞ்சு வானொலியார் இவ்விரண்டிற்கும் இடைவழி கண்டனர்: முன்பக்கமே மிகுதியாய்க் கேட்கும் இரண்டு ஒலிவாங்கிகளை 17 சென்டிமீட்டர் விலக்கி, 110 பாகை விரித்து வைப்பர். இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுதல் வீண். குழலின் தெளிவு வேண்டுமா, கூடத்தின் பெருமை வேண்டுமா என்று முதலில் உள்ளத்தில் துணிதல் வேண்டும். துணிந்தபின் முறை தானே அமையும்.

சென்னைக்கே உரிய இடையூறுகளும் உள. மின்விசிறியை நிறுத்தாது பதிதல் இயலாது. நிறுத்தின் வெப்பம் ஏறும். வெப்பம் ஏறக் குழலின் சுருதியும் ஏறும். ஆதலின் சுருதி கூட்டிய நேரத்து வெப்பநிலையிலேயே பதிதல் நலம். சாலை அடங்கிய இரவோ, காக்கை விழிக்கும் முன்னைய விடியலோ ஏற்ற பொழுது ஆகும்.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால், பிளம்லைன் தந்தது ஒரு கருவியன்று, ஒரு நோக்கு என்பது புலனாகும். ஒலியை எவ்வளவு உரக்கப் பெறலாம் என்பது அதுகாறும் வினா. எங்கே நின்று கேட்பது என்பதை அவர் வினாவாக்கினார்.

தொலைக்காட்சியும் போரும்

நிற்க. இ.எம்.ஐ. குழுமத்தார்க்கு அக்காலத்தில் ஸ்டீரியோவினும் தொலைக்காட்சியே அவசரமாயிற்று. ஷோன்பெர்க் தலைமையில் 405 வரிகளாலான தொலைக்காட்சி முறையை ஆக்கிய குழுவில் பிளம்லைன் முதன்மையானவருள் ஒருவர். அம்முறையை ஆண்டு பி.பி.சி. நிலையத்தார் 1936 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் அலெக்சாண்டிரா மாளிகையினின்று ஒளிபரப்பைத் தொடங்கினர். ஸ்டீரியோத் தட்டுக்களோ பெட்டிக்குள் உறங்கின.

1939 இல் போர் மூண்டது. பிளம்லைனின் அறிவு ரேடார்த் துறைக்குத் திரும்பிற்று. இருளிலும் மேகத்திலும் பறக்கும் விமானம் தன் கீழுள்ள நிலத்தின் உருவை அலைகளால் கண்டுகொள்ளும் எச்2எஸ் என்னும் கருவியை ஆக்குவதில் அவர் ஈடுபட்டார். 1942 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7 ஆம் நாள், அக்கருவியைச் சோதிக்க டெஃபோர்டு தளத்தினின்று எழுந்த ஹாலிபாக்ஸ் விமானம் ஒன்றில் அவரும் ஏறிச் சென்றார். வழியில் எஞ்சின் ஒன்றில் தீப்பற்றியது. வெல்ஷ் பிக்னார் என்னும் சிற்றூரின் அருகே விமானம் வீழ்ந்தது; அதிலிருந்த பதினொருவரும் மாண்டனர். இ.எம்.ஐ. அறிஞராகிய பிரவுன், பிளைத்தன் என்போரும் அவருள் அடங்குவர். பிளம்லைனுக்கு அப்போது வயது 38. மனைவியாரும் இரண்டு இளஞ்சிறுவரும் எஞ்சினர்.

விபத்தின் காரணத்தை ஆய்ந்தபோது, எஞ்சினுள் ஒரு மரையாணி செவ்வனே முறுக்கப்படாதிருந்ததே மூலம் என்று தெரிந்தது. நுண்ணிய வேற்றுமைகளை வாழ்நாள் முழுதும் எண்ணி எண்ணிச் செய்தவரின் முடிவு, யாரோ எண்ணாது விட்ட ஒரு சிறு திருகினால் நேர்ந்தது. சிறு வேலை என்று ஒன்று இவ்வுலகில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவர் பணியாற்றிய கருவி மறுபொருளாதலின் அவர் இறப்பும் அக்காலத்து விரிவாக வெளியிடப்படவில்லை. நாடு அவரை அறியாமலே இழந்தது. அக்கருவியோ 1943 ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் குண்டு வீசும் விமானங்கட்கு வழிகாட்டியாய் நகரங்களின்மேல் பறந்தது. பகைவர் கொடுமையை ஒழிக்க அது வேண்டப்பட்டது என்பது ஒன்று. அந்நகரங்களிலும் பெண்டிரும் பிள்ளைகளும் ஆர்கன் ஒலித்த ஆலயங்களும் இருந்தன என்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் எதனையும் மறைத்துக் கூறுதல் வரலாறு ஆகாது. அறிவு எத்திசையிற் செல்லும் என்பதை அறிஞன் ஒருவனே முடிவு செய்வதில்லை. அவன் பிறந்த காலமும் முடிவு செய்கின்றது.

பின்வந்த புகழ்

வாழ்நாளில் பிளம்லைன் பெற்ற காப்புரிமைகள் 128. பதினைந்தாண்டுகட்குச் சற்றே மிக்க காலத்துள் அவை அமைந்தன என்பதை நோக்க வியப்பு மேலிடுகின்றது. 1958 ஆம் ஆண்டளவில் ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் வரிப்பள்ளம் அவர் கண்ட வடிவினதே. அதனைக் கேட்க அவர் இல்லை. 2015 ஆம் ஆண்டிலே மின்பொறியாளர் உலகச் சங்கத்தார் ஆபி சாலை நிலையத்தில் அவர்க்கு நினைவுப் பலகை நிறுவினர். 2017 ஆம் ஆண்டிலே கிராமி அமைப்பினர் தொழில்நுட்ப விருதை அவர் பெயர்க்கு அளித்தனர். அவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது அப்பரிசு.

அவரினும் மிகுந்த புகழ் பெற்றோர் உண்டு. ஆனால் இன்று செவிக்கருவி பூண்டு பாட்டுக் கேட்டவாறு தாம்பரத்தினின்று எழும்பூர் செல்லும் ஒவ்வொரு மாணவனும், இடச்செவியில் வயலினும் வலச்செவியில் மிருதங்கமும் கேட்கும்போது, அவர் பெயர் அறியாமலே அவர் செல்வத்தைத் துய்க்கின்றான். பெயர் மறைந்து பயன் நிற்பது ஒருவகைப் புகழே.

அவர் வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? கொட்டகையிலிருந்த பலரும் பொறுத்துக்கொண்ட ஒரு சிறு பொய்யை அவர் பொறுக்கவில்லை. பொறாமையோடு நில்லாது, அதனைத் திருத்துதற்குக் கணக்கிட்டார். ஒன்றனை உள்ளவாறு அறிய விரும்புவோர், அதனை உரக்க ஒலிக்கச் செய்வதற்கு முன், தாம் எங்கு நின்று கேட்கின்றோம் என்பதை ஆராய வேண்டும் என்று அவர்தம் கலை நமக்குக் கற்பிக்கின்றது. அஃது ஆர்கனுக்கும் ஒக்கும். பழந்தமிழ் நூலைப் பயில்வார்க்கும் ஒக்கும். பிறர் குறை கேட்பார்க்கும் ஒக்கும். நம் கல்லூரி மாணவருள் கருவியும் ஆர்வமும் உடையார் சிலர் கூடி, உரியார் இசைவு பெற்று, சென்னையிலுள்ள பழைய ஆர்கன்களின் ஒலியை அவை நிற்கும் ஆலயங்களின் ஒலியோடு சேர்த்துப் பதிந்து வைப்பாராயின், அதுவே பிளம்லைன் என்னும் பெரியார்க்கு நாம் செலுத்தும் தக்க கைம்மாறாகும்.